விழுந்தவனை இருத்தி வைத்தோம்

முள்ளந்தண்டு எப்படி உடைகிறது என்று கணினியில் செய்து பார்ப்பது என் தொழில். ஊரில் என்னை 'நாரி டொக்டர்' என்று பகிடி பண்ணுவார்கள். எனக்கோ நாரி என்கிற அடிமுதுகின் ஒரு நோவைக்கூட மாற்றத் தெரியாது. நொறுங்கிய எலும்பை முன்னால் வளைத்தால் அதன் சில்லு பின்னால் நகர்ந்து, உள்ளே ஓடும் நரம்புத்தண்டான முண்ணாணை நசுக்கும் என்பது தெரியும். அதை எத்தனையோ மண்டபங்களில் படம் போட்டு விளக்கியிருக்கிறேன். வீட்டில் ஒரு நாளும் சொன்னதில்லை. ஊருக்குத்தானே உபதேசம்.

எங்கள் பக்கத்தில் யாராவது விழுந்தால், முதல் வேலையாக அவரைத் தூக்கி இருத்தித் தண்ணீர் பருக்குவார்கள். நிலத்தில் கிடக்க விட்டால் உயிர்போன மையத்துப் போல இருக்குமாம். பார்த்துக்கொண்டு நிற்பவனை ஈரமில்லாதவன் என்பார்கள். நானும் பள்ளிக்கூட வயதில் ஒருவரைப் பிடித்து அப்படி இருத்தியிருக்கிறேன்.

நாவிதன்வெளி வயலில் அறுவடையன்று, உழவு இயந்திரப் பெட்டியில் அடுக்கிய நெல்மூட்டைகளின் உச்சியிலிருந்து என் தம்பி வரம்பில் குந்தியபடி விழுந்தான். வாப்பா ஓடிப்போய்க் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கி இருத்தினார். தண்ணீர் கொடுத்தார். ஓட்டோவில் தன் மீது சாய்த்து வைத்தபடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். சத்திரசிகிச்சை முடிந்து மாதங்கள் போயும் தம்பிக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை.

ஒரு நாள் அஸர் தொழுதுவிட்டு வந்த வாப்பா, தம்பியின் ஸ்கேன் படங்களை என் மேசையில் வைத்தார்.

"இத ஒன்ட கொம்பியூட்டர்ல போட்டுப் பாரு மகன். உழுந்ததுல போனதா, நான் தூக்கினதுல போனதா?"

"அப்படிச் செல்ல ஏலா வாப்பா."

"அப்ப என்னத்துக்கு இவ்வளவு படிச்ச?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அதுதான் என்னைக் கொன்றது.

போட்டுப் பார்த்தேன். ஸ்கேன் எடுத்தது தூக்கிய பிறகு. தூக்குவதற்கு முன் அந்தச் சில்லு எங்கே இருந்தது என்பதற்கு எந்தப் படமும் இல்லை. சில்லைக் கொஞ்சம் முன்னால் வைத்தால் தூக்கியதுதான் குற்றம், கொஞ்சம் பின்னால் வைத்தால் விழுந்ததுதான். நான் வைத்ததையே அது எனக்குத் திருப்பித் தந்தது. இந்தச் சனியனை நம்பியா இத்தனை வருடம் இருந்தேன் என்று எரிச்சலாக வந்தது.

வாப்பா இல்லாத நேரம் பார்த்துத் தம்பியிடம் கேட்டேன், விழுந்தவுடன் கால் அசைந்ததா என்று. அவன் கூரையைப் பார்த்தபடி கிடந்தான்.

"ஓம் காக்கா. ரெண்டு காலும் அசைஞ்ச. வாப்பாட்ட மட்டும் செல்லிராதீங்க."

அடுத்த நாள் வாப்பாவைக் கணினிக்கு முன்னால் இருத்தினேன். திரையில் நொறுங்கிய எலும்பு சிவந்து தெரிந்த இடத்தைத் தொட்டுக் காட்டினேன். என் வேலையில் ஒரு முடிவையும் அதுவரை நான் மாற்றிச் சொன்னதில்லை.

"உழுந்த உடனேயே எல்லாம் போயிட்டு வாப்பா. நீங்க தூக்கினதால ஒண்டுமில்ல."

வாப்பா அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அப்ப, நான் தூக்கக்குள்ள அவன்ட கால் என்ட முழங்கால்ல உதைச்சிச்சே மகன், அது என்ன?"