பாகா, தானியமா? பேர்லேண்டிலிருந்து ஒரு விஸ்கி ஆலைக்கு

விஸ்கி ஆலையில் உனக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். நான் போனது ஊர் சுற்ற அல்ல, வேவு பார்க்க. என் மகன் செந்தில் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு, நண்பன் பிரகாஷ் நடத்தும் ஆலையில் சேரப்போவதாகச் சொன்னான். "நீ வந்து பாரும்மா. நீ வேணாம்னா விட்டுடறேன்" என்றான். அவ்வளவு பணிவாக அவன் பேசுகிற ஆளே இல்லை. போதாக்குறைக்கு, நான் டெக்சாஸில் பேர்லேண்டில் இருக்கும் அவன் வீட்டுக்கு வந்த மூன்று வாரமாக, ஆபீஸ் போய்வருகிற அவன் சட்டைகளில் ஒரு புளித்த வாசம். குடிக்கிறானோ என்று வாயை மூடிக்கொண்டு மெஷினில் போட்டேன்.

ஏப்ரலில் ஒரு ஞாயிறு, காலை 9.40க்குக் கிளம்பினோம். 58 மைல், ஒரு மணி பத்து நிமிடம். கார் இல்லாமல் போக முடியாது. ஆளுக்கு 20 டாலர். குடிக்காதவர்களுக்கும் அதே 20தான், கேட்டுப் பார்த்துவிட்டேன். சின்னப் பிள்ளைகளை உள்ளே விடுவதில்லை. பேத்தியோடு நான் இருக்கிறேன் என்று மருமகள் அவசரமாகத் தோட்டத்துப் பக்கம் போனாள். அதையும் மனதில் குறித்துக்கொண்டேன்.

பிரகாஷே சுற்றிக் காட்டினான். "ஆன்ட்டி, நம்ம ஊரு விஸ்கி எப்படி வந்துச்சு தெரியுமா?" என்று ஆரம்பித்தான். வெள்ளைக்காரன் தன் பட்டாளத்துக்காக மலைப் பக்கம் பார்லியில் காய்ச்ச ஆரம்பித்தானாம். பிற்பாடு, சோற்றுக்கே தானியம் போதாத நாட்டில் அதைச் சாராயத்துக்கு எப்படிக் கொடுப்பது? கரும்பாலையில் சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கறுப்புப் பாகு மலிவு. அதில் ஸ்பிரிட் வடித்து, கொஞ்சம் பார்லி விஸ்கியைக் கலந்தார்கள். அதுவே நம் நாட்டு விஸ்கி ஆனதாம்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனால் இந்தப் பாடம் எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் இருபத்திரண்டு வருடம் சர்க்கரை ஆலையின் ஸ்பிரிட் பிரிவில் இருந்தவர். ஒரு சொட்டு குடித்ததில்லை. நாலு சொட்டை உள்ளங்கையில் தேய்த்து, காய்ந்ததும் மோந்து பார்ப்பார். ஸ்பிரிட் பறந்துபோகும், எதில் வடித்ததோ அதன் வாசம் கையில் நிற்கும்.

பிரகாஷ் நீட்டிய முதல் கிளாஸில் அப்படியே செய்தேன்.

"தம்பி, இது பாகு. இதையா விஸ்கின்னு விக்கிறே?"

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "ஆன்ட்டி, யாருமே கண்டுபிடிச்சதில்ல! இது சும்மா காட்டுறதுக்கு. இந்த நாட்டுல தானியத்துல வடிச்சாத்தான் விஸ்கின்னு லேபிள் ஒட்டலாம். நாங்க விக்கிறது இந்த ரெண்டாவது."

நான் நம்பவில்லை. அதையும் தேய்த்தேன். காயும்வரை காத்திருந்தேன். பாகு இல்லை. ஊறிய தானியம், லேசான புளிப்பு.

அந்தச் சட்டை வாசம்.

"செந்தில், எப்பலேர்ந்துடா இங்க வேலை பாக்கறே?"

பிரகாஷ் மெதுவாகப் பீப்பாய்ப் பக்கம் நழுவினான். செந்தில் தரையைப் பார்த்தான். "ரெண்டு மாசமாச்சும்மா."

"அப்ப நான் வேணாம்னா விட்டுடறேன்னியே?"

"சாராய வேலைன்னு உனக்குக் கேவலமா இருக்கும்னு நினைச்சேன்."

"உங்கப்பா பாத்த வேலைடா இது. அவரு எங்கிட்ட ஒரு நாளும் மறைக்கல."

திரும்பி வரும்போது 58 மைலும் உள்ளங்கையை மோந்துகொண்டே வந்தேன்.

போக நினைப்பவர்களுக்கு: முதல் சுற்று 11 மணிக்கு, பத்து நிமிடம் முன்னால் போய்விடுங்கள். தரை ஈரம், மூடிய செருப்பு போடுங்கள். டிரைவ் பண்ணுகிறவர் கிளாஸைத் தொடவேண்டாம். கையில் கிரீம், சென்ட் பூசிக்கொண்டு போகாதீர்கள், வாசம் பிடிபடாது. எதைச் சொன்னாலும் நம்பாமல் தேய்த்துப் பாருங்கள். விஸ்கியில் நான் ஒரு பொய்யும் காணவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

திங்கட்கிழமை காலை செந்தில் வழக்கம்போல லேப்டாப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தான்.

"அது எதுக்குடா சுமை? சாப்பாட்டு டப்பாவ மட்டும் எடுத்துட்டுப் போ" என்றேன்.