காபி கடைசியில்தான்

பட்டாளத்துக் குடும்பங்களுக்குப் பண விஷயத்தில் வழிகாட்டப் போகிறவர்களுக்கு, தர்மபுரியில் ஆறு நாள் பயிற்சி கொடுப்பவர் கோகிலவாணி. வகுப்புக்கு வருகிறவர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. வங்கியிலும் கருவூலத்திலும் தலை நரைத்தவர்கள். பென்ஷன் விதியெல்லாம் அவர்களுக்குத் தலைகீழ்ப் பாடம். கோகிலவாணி திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்.

"வூட்டம்மா வந்து உக்காராம ஃபைலத் தொறக்காதீங்க. காபி கடைசியிலதான்."

"இதுக்கு ஆறு நாளுங்களா?" என்று சிரித்தார் மாதவராஜ். வங்கி மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர்.

கோகிலவாணிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "என் வூட்டுக்காரர் ஹவில்தாருங்க. லீவுல வந்தப்ப உங்கள மாதிரி படிச்ச சார் ஒருத்தர் வந்து எல்லாத்தையும் அவருகிட்ட அழகா வெளக்கிட்டுப் போனாரு. நான் உள்ள காபி போட்டுட்டு இருந்தேன். அடுத்த லீவுக்கு அவரு வரல. எந்த பாலிசி, எந்தக் கணக்குன்னு தெரியாம பதினாலு மாசம் அலைஞ்சேன். அந்தக் காபியோட வெல அதுதானுங்க."

மாதவராஜ் மன்னிப்புக் கேட்டார். அந்த அலைச்சலுக்குப் பிறகு இன்றுவரை எந்த வீட்டுக்குப் போனாலும் கோகிலவாணி காபி தொடுவதில்லை என்று பக்கத்தில் இருந்தவர் மாதவராஜிடம் சொன்னார்.

ஆறாம் நாள் பரீட்சை. பேனாவும் பேப்பரும் கிடையாது. நேராக ஒரு வீட்டுக்குப் போக வேண்டும். கடத்தூர் பக்கம், லீவில் வந்திருந்த பட்டாளத்துக்காரன் மாதேஸ்வரன் வீட்டுக்கு மாதவராஜை அழைத்துப் போனார் கோகிலவாணி. மாதேஸ்வரன் மறுநாள் லடாக்குக்குக் கிளம்புகிறான். இன்றைக்கு விட்டால் அடுத்த லீவுவரை அவன் மனைவி செல்லிக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை. ஆனால் பரீட்சையில் கோகிலவாணி வாய் திறக்கக் கூடாது. அவரே போட்ட விதி அது.

மாதேஸ்வரன் இடுப்புக் கயிற்றுச் சாவியால் கறுப்பு டிரங்குப் பெட்டியைத் திறந்து ஃபைலை எடுத்து வந்தான். "இருங்க, காபி போட்டுட்டு வரேன்" என்று செல்லி உள்ளே போனாள்.

மாதவராஜ் கண்ணாடியை மாட்டினார். ஃபைலைத் திறந்தார். போச்சு என்று நினைத்தார் கோகிலவாணி. தான் போட்ட விதியை நினைத்து உதட்டைக் கடித்துக்கொண்டார்.

ஒரு பக்கம் புரட்டிய மாதவராஜ் சமையலறைப் பக்கம் பார்த்தார். ஃபைலை மூடினார்.

"தம்பி, நீங்க போயி காபி போடுங்க. அவங்க வந்து உக்காரட்டும்."

மாதேஸ்வரன் திருதிருவென்று விழித்தான். ஆனாலும் உத்தரவுக்குப் பழகிய உடம்பு, எழுந்து போனது. செல்லி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். மாதவராஜ் இன்ஷூரன்ஸ் தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தார். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தவள் ஓர் இடத்தில் நின்றாள்.

"நாமினி எங்க அத்தை பேருங்களா? அவங்க செத்து மூணு வருஷமாச்சுங்களே!"

"யூனிட்டுக்குப் போனதும் அவர உங்க பேருக்கு மாத்தி எழுதிக் குடுக்கச் சொல்லுங்க. குடுத்ததும் நகல் அனுப்பச் சொல்லி வாங்கி வெச்சுக்கங்க" என்றார் மாதவராஜ்.

உள்ளேயிருந்து குரல் வந்தது: "செல்லி, சக்கரை எங்க இருக்குது?"

"கடுகு டப்பாவுக்குப் பின்னால." செல்லி தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நாளைக்குப் போறப்ப பெட்டிச் சாவிய எங்கிட்டக் குடுத்துட்டுப் போங்க."

காபி வந்தது. சர்க்கரை தூக்கல். கோகிலவாணி ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை.