நாமா, நாங்களா

என் மருமகள் கோலா கிளாவாங்கைச் சேர்ந்த சீனப் பெண். என் மகனும் அவளும் சிரம்பானில் ஒரே இடத்தில் வேலை பார்த்துப் பழகி, கல்யாணமும் முடித்து, எங்கள் தோட்டத்து வீட்டுக்கே குடிவந்தார்கள். அவளுக்கும் எனக்கும் மலாய் நன்றாக வரும். ஆனால் வாசலில் கால் வைத்த முதல் நாள் மரியாதைக்காக அவள் ஆங்கிலத்தில் நலம் விசாரித்தாள். நானும் மரியாதைக்காக ஆங்கிலத்திலேயே பதில் சொன்னேன். இரண்டு பேருக்குள் ஒரு மொழி தொடங்கிவிட்டால் அதை மாற்றுவது லேசில்லை. அப்படியே மாட்டிக்கொண்டோம்.

என் ஆங்கிலம் ஆபீசு ஆங்கிலம். லுக்குட் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். மானேஜர் சொல்லச் சொல்ல டைப் அடித்த கடிதங்களிலும் பலகையில் ஒட்டிய அறிவிப்புகளிலும் கற்றது. கடிதத்தில் ‘ஐ’ வரவே வராது. மானேஜர் ஒற்றை ஆளாக உட்கார்ந்திருந்தாலும் ‘வீ’தான். அறிவிப்பிலோ ‘மஸ்ட்’ இல்லாத வரியே இருக்காது. காகிதத்தில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அடுப்படியில் வாயைத் திறந்தபோதுதான் வினை.

ஒருநாள் கடைக்குப் போய் வந்து, “வீ ஆர் டயர்ட்” என்று நாற்காலியில் சாய்ந்தேன். என்னோடு வேறு யார் வந்திருக்கிறார்கள் என்று அவள் கதவுப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

கொஞ்ச நாளில் மகன் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். “ஏம்மா அவள எப்பப் பாத்தாலும் அதட்டுறீங்க? யூ மஸ்ட் ஈட்னு சொன்னீங்களாம். பயந்துகிட்டு ரெண்டு தட்டு சாப்பிடுறா.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ‘சாப்பிடணும்மா, வெயில்ல நிக்கக் கூடாதும்மா’ என்று கொஞ்சியதைத்தான் நான் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன். கொஞ்சல் எங்கேயோ விழுந்துபோய், ‘மஸ்ட்’ மட்டும் அவளிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது.

எனக்கும் அவள் மேல் ஒரு குறை இருந்தது. எதையும் உறுதியாகச் சொல்ல மாட்டாள். ‘ஐ மைட்’, ‘ஐ குட்’ என்று வழுக்கிக்கொண்டே போவாள். எங்கள் ஆபீசில் பம்பு பழுது பார்க்க ‘மைட் கம்’ என்று சொன்ன எந்தக் குத்தகைக்காரனும் வந்து நான் பார்த்ததில்லை.

இந்த நிலைமையில்தான் மாரியம்மன் திருவிழா வந்தது. எனக்குப் பால்குட வேண்டுதல். முதல் நாள் மாலை அவளிடம், ‘வீ ஆர் கோயிங் அட் செவன். யூ மே கம்’ என்றேன். தாராளமாக அழைத்துவிட்டதாக எனக்கு நினைப்பு. ‘ஐ மைட் கம், இஃப் இட்ஸ் ஓகே’ என்றாள் அவள். சரி, இவளும் வரப்போவதில்லை என்று முடிவு கட்டினேன்.

காலையில் அவள் அறைக் கதவு சாத்தியே இருந்தது. மகன் வேலைக்குப் போயிருந்தான். தூங்குகிற பிள்ளையை எழுப்புவானேன் என்று என் நாத்தனாரின் வேனில் ஏறிப் போய்விட்டேன்.

தலையில் குடத்தோடு ஊர்வலத்தில் நடந்துகொண்டிருந்தேன். கழுத்தைத் திருப்ப முடியாது. பின்னால் ஒரு லோரி வந்து நின்ற சத்தம் கேட்டது. சனங்களிடம் சலசலப்பு. பக்கத்தில் வந்த நாத்தனார் திரும்பிப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்: “அண்ணி, ஒங்க மருமக குலை லோரியில வந்து எறங்குதுலா. சேலை கட்டியிருக்கு. முந்தானைதான் தோள் மாறிப் போச்சு.”

கதவைச் சாத்திக்கொண்டு அவள் தூங்கவில்லை. கைப்பேசியில் காணொளி பார்த்துச் சேலையோடு மல்லுக்கு நின்றிருக்கிறாள். வெளியே வந்தால் வீடு காலி. செம்பனைக் குலை ஏற்றி மில்லுக்குப் போன லோரியைக் கைகாட்டி நிறுத்தி, டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்திருக்கிறாள்.

மூச்சு வாங்க என் பக்கத்தில் வந்து சேர்ந்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். குரலில் கோபம் இல்லை, குழப்பம்தான் இருந்தது.

“அம்மா, யூ செட் ‘வீ’. ஐ தாட் ‘வீ’ இஸ் மீ ஆல்சோ.”

தலையில் பால், கண்ணில் தண்ணீர், வாயில் சிரிப்பு. ‘கம், கம்’ என்று மட்டும் சொல்லிக் கையை நீட்டினேன். குடம் ஆடாமல் இருக்க ஒரு கை, அவளைப் பிடிக்க ஒரு கை. கோயில் வரை அப்படியே நடந்தோம். குடத்தை இறக்கியதும் நாத்தனார் அவளை மறைவாகக் கூட்டிப்போய்ச் சேலையை அவிழ்த்துச் சரியாகக் கட்டிவிட்டாள்.

அன்று மாலை இருவரும் வீட்டு வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தோம். தமிழில் இந்த ‘வீ’க்கு இரண்டு சொல் உண்டு என்று அவளுக்கு விளக்கினேன். கேட்கிற ஆளையும் சேர்த்தால் ‘நாம’, சேர்க்காவிட்டால் ‘நாங்க’. அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கையில் இரண்டை வைத்துக்கொண்டு இத்தனை நாள் எனக்கு ஏன் ஒன்றைக் கொடுத்தீர்கள் என்று கேட்டாள். நியாயமான கேள்வி.

பிறகு அவள் தன் ‘மைட்’டைப் பற்றிச் சொன்னாள். அவள் வீட்டில் முதல் அழைப்பிலேயே வருகிறேன் என்று சொல்வது இடித்துக்கொண்டு நுழைகிற மாதிரியாம். ‘மைட்’ என்றால், இன்னொரு தடவை கூப்பிடுங்கள் என்று அர்த்தமாம். எங்களில் இரண்டாம் தடவை கூப்பிட வைப்பவரைத்தான் பிகு பண்ணுகிறார் என்போம் என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

அதன் பிறகு பெரிய வினைச்சொற்களை இருவரும் மூட்டை கட்டி வைத்தோம். வர முடியுமா, சாப்பிடுகிறாயா, கடைக்குப் போகலாமா, எல்லாவற்றுக்கும் ‘கேன்’ போதும். ‘கேன்லா’ என்றால் சம்மதம். ‘கேன்...’ என்று இழுத்தால் மனசில்லை. அதில் ‘ஐ’யும் வேண்டாம், ‘வீ’யும் வேண்டாம்.

ஆனால் அந்த இரண்டு தமிழ்ச் சொற்களையும் அவள் விடவில்லை. எங்கே கிளம்பினாலும் என் முகத்தைப் பார்த்து, “நாமவா, நாங்கவா?” என்று கேட்பாள். நான் சொன்ன பிறகுதான் செருப்பை மாட்டுவாள்.

போன வாரம் சிரம்பானுக்குப் பக்கத்து ஊரான ராசாவில் அவளுக்கு ரவிக்கை தைக்கக் கொடுக்கப் போனோம். மகன் கார் சாவியோடு வந்து யாரெல்லாம் போகிறீர்கள் என்று கேட்டான். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நாங்க” என்றாள், சுத்தமாக.

அவன் என்னைப் பார்த்தான். “அப்ப நான்?”

“கார் ஓட்டு” என்றேன். ஓட்டினான். தையல்கடைக்கு எதிரே, வெயிலில், கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தான். நாங்கள் துணியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்துக் கடையில் வடை வாங்கிவந்தோம். அவனுக்கும் சேர்த்துத்தான்.