ஏலாது

நான் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண், ஜெர்மனியில் ஹம் நகரத்தில் வளர்ந்தவள். கணவர் திருநெல்வேலிப் புராட்டஸ்டன்ட். கடவுள் சும்மா தருவதை எங்கள் வீட்டில் அருள் என்போம். அவர்கள் வீட்டில் கிருபை என்பார்கள். கல்யாணமான புதிதில் நான் செபத்தில் "அருள்" என்றால், அவர் வேண்டுமென்றே "கிருபை" என்று சத்தமாகச் சொல்வார். நானா விடுவேன்? இன்னும் சத்தமாகச் சொல்வேன்.

ஆனால் எங்கள் முதல் பெரிய சண்டை வேறொரு சொல்லால் வந்தது. பக்கத்து எசன் நகரத்தில் அவருடைய அலுவலக விருந்துக்கு நான் போகவேண்டிய நாள். நல்ல காய்ச்சல். போனில், "இண்டைக்கு எனக்கு ஏலாது" என்றேன். எங்கள் பேச்சில் அதற்கு முடியாது என்றும் பொருள், உடம்புக்குச் சுகமில்லை என்றும் பொருள். அவருக்கு முதலாவது மட்டும்தான் தெரியும்.

"வர முடியாதுன்னா நேத்தே சொல்லியிருக்கலாம்ல?" என்று போனை வைத்துவிட்டார்.

விருந்தையும் விட்டுவிட்டுச் சண்டை போடவே வீட்டுக்கு வந்தவர், போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்த என்னைப் பார்த்ததும் நெற்றியில் கைவைத்துப் பார்த்தார். நேரே அடுப்படிக்குப் போய் ரசம் வைத்துக் கொண்டுவந்து கரண்டியால் ஊட்டினார். அதில் உப்பே இல்லை. ஆனாலும் அன்றைக்கு அவரை எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

அப்போது பள்ளியில் சமயம் கற்பிப்பதற்காகப் படித்துக்கொண்டிருந்தேன். இடைக்கால இறுதியில் அறிஞர்கள் மல்லுக்கட்டிய கேள்வி ஒன்று என்னைப் பாடாய்ப்படுத்தியது. மனிதன் தன்னால் ஆனதைச் செய்தால் கடவுள் அருளை மறுக்கமாட்டார் என்றது ஒரு கட்சி. அந்த முதலடியைக்கூட மனிதனால் எடுக்க முடியாது, அதுவும் அருள்தான் என்றது மற்றக் கட்சி. முதல்தடவை தேர்வில் இரண்டையும் கிளிப்பிள்ளைபோல ஒப்பித்துவிட்டுத் தோற்றேன். இரண்டாவதும் தோற்றால் நான் ஆசிரியையாகவே முடியாது. அதுதான் விதி.

வாய்மொழித் தேர்வில் பேராசிரியை ஜெர்மனில் கேட்டார்: "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? அந்த முதலடியை எடுக்க மனிதனால் முடியுமா?"

பதற்றத்தில் வாயில் வந்தது தமிழ். "ஏலாது."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். விளக்குவதைத் தவிர வழியில்லை. அந்தச் சொல்லின் இரண்டு பொருளையும் சொன்னேன். முடியாது என்று சொல்லிவிட்டால் மனிதன் சோம்பேறியாகிவிடுவான் என்று முதல் கட்சி பயந்தது, ஆனால் நோயாளியை யாரும் சோம்பேறி என்பதில்லை, போய்ப் பார்ப்பார்கள் என்றேன். துணிந்து ரசக் கதையையும் சொன்னேன்.

"அப்போது நீங்கள் ஒன்றுமே செய்யவில்லையா?"

"வாயைத் திறந்தேன்."

"அப்படியென்றால் அது உங்கள் செயல்தானே?"

"தலையை நிமிர்த்திப் பிடித்தது என் கணவர். இல்லாவிட்டால் அதுவும் நடந்திராது."

பேராசிரியை சிரித்துவிட்டார். கொஞ்ச நேரம் வெளியே நிற்கச் சொல்லி, பிறகு கூப்பிட்டுக் கைகொடுத்தார்.

லீவு போட்டுவிட்டு என்னோடு வந்திருந்த கணவர் வாசலில் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றார்.

"என்னம்மா, பாஸா?"

"ஓம். உங்கட ரசத்தைப் பற்றித்தான் சொன்னனான்."

"ஐயோ! உப்பு போடலைங்கறதையும் சொல்லிட்டியா?"

"இல்லை. உங்கட சொல்லிலயே சொல்லுறன், அதுதான் கிருபை."