பேர் சொல்லாமல் வந்த கூறு

என்னை வளர்த்தவர்கள் கையில் என்னைக் கொடுத்தது அந்த அம்மாதான். பசுமலையில் குடியிருந்த சமூக சேவகி. அனாதை இல்லத்திலிருந்து ஒரு குழந்தையைத் தத்துக் கொடுத்துவிட்டால் மற்றவர்களுக்கு அதோடு வேலை முடிந்தது. இவருக்கு முடியவே முடியாது. எனக்கு மீசை முளைத்து, பழங்காநத்தத்தில் சைக்கிள் கடை போட்டு, கல்யாணமும் ஆன பிறகும் குடையை இடுக்கிக்கொண்டு வந்து நிற்பார். பஞ்சர் ஒட்ட வந்தவர்கள் முன்னாலேயே, "தம்பி, ஊர்ல உன்னைப் பிள்ளையா நடத்துறாங்களா?" என்பார். என் கல்யாணப் பந்தியில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்த சித்தப்பாவிடமும் இதையேதான் கேட்டார். தத்துப் பிள்ளை என்பதை மறந்து ஒருநாளாவது இருக்கலாமென்றால் விட்டால்தானே!

அவரிடம் போய் நான் குலசாமி கும்பிடு பற்றி வாயைத் திறந்திருக்கக் கூடாது. திருமங்கலத்துக்கு மேற்கே எங்கள் ஊரில், மாசியில் கிடா வெட்டிக் கறியைக் கூறு போடுவார்கள். கல்யாணமான ஆண்களை 'இன்னார் மகன் இன்னார்' என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, கோயில் முன்னாலேயே கொடுப்பார்கள். கூப்பிட்டால் பங்காளி, கூப்பிடாவிட்டால் வேற்றாள். கறிக்கு எவன் அலைகிறான்? அப்பா பேரைச் சொல்லி என்னை மகன் என்று அத்தனை பேர் முன்னால் ஒருமுறை கூப்பிட வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

சொன்ன மறுவாரமே அந்த அம்மா பஸ் ஏறி ஊருக்குப் போய், பங்காளிகளில் மூத்தவரான பெரியப்பாவிடம் சட்டம் பேசிவிட்டு வந்தார். "குடுத்துருவோம் தாயின்னு சொல்லிட்டார்" என்று அவருக்கு ஒரே சந்தோஷம்.

கும்பிடு அன்று யாரும் கூப்பிடாமலே அவரும் வந்துவிட்டார். கூறு கொடுக்கத் தொடங்கினார்கள். அப்பா பேரைக் கூப்பிட்டார்கள், போய் வாங்கிக்கொண்டார். அடுத்து என் பேர் வரவேண்டும். வரவில்லை. சித்தப்பா பேருக்குப் போய்விட்டார்கள். நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அந்த அம்மாவும் பின்னாலேயே வந்தார்.

சற்று நேரத்தில் பெரியப்பா வீட்டிலிருந்து ஒரு ஓலைக்கொட்டானில் கறி வந்தது. "பார்த்தியா தம்பி, குடுத்துட்டாங்க!" என்று அந்த அம்மா கைதட்டாத குறை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

"ஏம்மா, வீட்டுக்குக் கொடுத்து விடுறது விருந்தாளிக்கும் மாப்பிள்ளைக்கும். பங்காளின்னா கோயில்ல பேர் சொல்லிக் கூப்பிடுவாக. இப்ப நான் வேத்தாள்னு கறி வச்சுச் சொல்லிட்டாக. போதுமா?"

அவர் முகம் செத்துவிட்டது. மறுகணம் கொட்டானைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். பிறந்ததிலிருந்து கறியைத் தொடாதவர். ஒரு கையில் கொட்டானை எட்டப் பிடித்து, மறுகையால் முந்தானையை மூக்கில் பொத்திக்கொண்டு அவர் தெருவில் போக, "வேணாம்மா, வாங்கம்மா" என்று நான் பின்னால் ஓட, ஊரே வேடிக்கை பார்த்தது. மானம் போயிற்று.

கோயில் வேப்பமரத்தடியில் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அப்பாவும் இருந்தார். கொட்டானைப் பெரியப்பா முன்னால் வைத்து, "பேர் சொல்லிக் கூப்பிடுங்கய்யா, வந்து வாங்கிக்குவார்" என்றார் அந்த அம்மா.

"அதான் குடுத்தாச்சே தாயி. ரத்தம்னு ஒண்ணு இருக்குல்ல? நீங்க கொண்டாந்த பிள்ளைதான, உங்களுக்குத் தெரியாததா?"

"சட்டப்படி இவர் இவங்க மகன்."

"சாமிக்கு ஏது தாயி சட்டம்?"

எல்லோரும் சிரித்தார்கள். அந்த அம்மா மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். அவர் வாயை எப்படி அடைப்பது என்று நான் தவித்துக்கொண்டிருந்தபோதுதான் அப்பா எழுந்தார். தன் கூறை எடுத்து என் கொட்டானுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"எம் மகன் பேரக் கூப்பிடாத எடத்துல எனக்கும் கூறு வேணாம்ணே."

துண்டைத் தட்டிவிட்டு நடந்தார். இத்தனை வருஷம் என்னை யார் என்ன சொன்னாலும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்ற மனுஷன். முன்னாலேயே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று கோபம் ஒருபக்கம், அழுகை ஒருபக்கம்.

அதைக் கொஞ்ச நேரம் வைத்து அனுபவிக்க விட்டாரா அந்த அம்மா? வீட்டுக்கு வரும் வழியிலேயே, "அடுத்த வருஷம் விடக் கூடாது தம்பி" என்று தொடங்கிவிட்டார்.

"கொஞ்சம் சும்மா இருங்கம்மா! எங்கப்பா சொல்லிட்டாரு. எனக்கு அது போதும்" என்று தெரு என்றும் பாராமல் கத்திவிட்டேன்.

அவர் நின்றார். எங்கள் வீட்டு வாசலில் என் மனைவி ஏழு மாத வயிற்றோடு நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்குப் போதும். உனக்கு எழுந்திரிச்சுப் பேச அப்பா இருந்தார். நாளைக்கு உன் பிள்ளைக்கு யார் எழுந்திருப்பா?"

அடுத்த மாசியில், அந்த அம்மா பசுமலையில் பஸ் ஏறுவதற்கு முன்னாலேயே, கைக்குழந்தையோடு பெரியப்பா வீட்டு வாசலில் நான் போய் நின்றேன்.