நீலத் தோள்பட்டை

சென்ற மாதம் என் மனைவியைக் கண்ணாடிப் பெட்டி வண்டியில் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனோம். வாசலில், ஒரே நிறச் சட்டை போட்ட நால்வரில் ஒருவர் பணிவாகக் கேட்டார்: "சார், தோள் குடுக்க ஆளு வருதாவளா? இல்லன்னா நாங்களே தூக்கிருதோம்." தூக்கினார்கள், நேர்த்தியாகவே தூக்கினார்கள். அந்தச் சட்டைகளின் நீலம்தான் என்னைக் கஸ்பார் வக்கீலிடம் கொண்டுபோய் நிறுத்தியது.

எழுபதுகளில், தூத்துக்குடியில் எங்கள் கத்தோலிக்க சபைக்கு அவர்தான் தலைவர். உறுப்பினர் ஒருவர் இறந்தால், மற்றவர்கள் தோளில் நீலப் பட்டை அணிந்து சுமந்து செல்வோம்; சபையின் பெருமையே அதுதான். கல்லூரியில் புதிதாகப் பாடம் சொல்லத் தொடங்கியிருந்த நான் செயலாளன். கையெழுத்து அழகாக இருந்ததைத் தவிர வேறு தகுதி எதுவும் நினைவில் இல்லை. ஞாயிறு பூசை முடிந்து, கோயிலை ஒட்டிய அறையில் கூடுவோம். பக்கத்தில் சங்கு சேர்த்துவைக்கும் கிட்டங்கியிலிருந்து சதை அழுகும் வாடை வரும். யாராவது ஜன்னலைச் சாத்தப் போனால், அந்த வாடையில்தான் நம்மில் பாதிப் பேருக்குச் சோறு என்று வக்கீல் தடுப்பார்.

உறுப்பினர் மேல் உறுப்பினர் வழக்காடினால் சபையில் இடமில்லை என்பது விதி. இறந்துபோன சங்குக் குளியாள் ஒருவரின் வள்ளத்தை அவருடைய தம்பி வைத்துக்கொண்டு, விதவையான அண்ணிக்குத் தர மறுத்தார். தம்பியும் உறுப்பினர். மூன்று ஞாயிறு வக்கீல் பேசிப் பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணுக்காகத் தாமே வழக்குப் போட்டார்.

அடுத்த கூட்டத்தில் தம்பிக்காரர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "ஒரு தோள்ல கறுப்புக் கோட்டு, ஒரு தோள்ல நீலப் பட்டை. எது கனக்கு, வக்கீலய்யா?"

"இப்பம் இதுதாம்டே கனக்கு" என்று வக்கீல் நீலப் பட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

விதி வழக்காடுபவருக்குத்தான், வக்கீலுக்கு அல்ல என்று எவரேனும் சொல்லியிருக்கலாம். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார், உறையில் வைத்தார், மறுபடி எடுத்துத் துடைத்தார். அவ்வளவு நேரம் எங்களுக்குக் கொடுத்தார். நான் குறிப்பேட்டின்மேல் குனிந்திருந்தேன். தம்பிக்காரர் என் மனைவியின் அத்தைக்குக் கணவர். எங்களுக்குக் கல்யாணமாகி மூன்று மாதம்.

வக்கீல் போனபின், பழக்கத்தின் வேகத்தில், "விலகல் ஒருமனதாக ஏற்கப்பட்டது" என்று எழுதினேன். மறுநாள், கூட்டத்தை நடத்தியவர் என்ற முறையில் கையெழுத்திட வந்த வக்கீல் அந்த வரியில் விரலை வைத்தார்.

"ஒருமனதாவா, தம்பி?"

பிறகு அதன் கீழே கையெழுத்திட்டார்.

வழக்கில் வள்ளம் அந்தப் பெண்ணுக்கே கிடைத்தது. வக்கீல் அதன்பின் கடைசிப் பெஞ்சில் தனியே அமர்ந்து பூசை கண்டார். சில ஆண்டுகளில் இறந்தபோது, விதிப்படி சபை வரவில்லை. அந்த வள்ளத்தில் தொழில் செய்தவர்கள் சுமந்தார்கள். நான் பட்டையில்லாமல் பின்னால் நடந்தேன். தோள் கொடுக்கட்டுமா என்று கேட்கவில்லை.

வக்கீல் விலகிய அன்று, கூட்டத்தில் நடந்ததையும் நான் எழுதிய வரியையும் வீட்டில் சொன்னபோது என் மனைவி, "நீங்களாவது அவர இருங்கன்னு சொல்லிருக்கலாம்லா. மாமாவ நான் பாத்துருப்பேன்" என்றாள். பிறகு வாழ்நாள் முழுவதும் அதை அவள் எடுத்ததில்லை.

சபை கலைந்து வெகுகாலமாகிறது. கிட்டங்கி இருந்த இடத்தில் வண்டிகள் நிற்கின்றன. குறிப்பேட்டைக் கறையான் தின்றுவிட்டது. அந்த வரி பொய் என்று அறிந்திருந்த அவளும் இப்போது இல்லை.