மாடி அறையில் ரோஸ் மில்க்

அடையாற்றில் ஒரு கல்யாண மண்டபம். நண்பன் சேகரின் மகளுக்கு வரவேற்பு. கல்லூரி நண்பர்கள் ஆறு பேர் ஆளுக்கொரு ஊரிலிருந்து வந்திருக்கிறோம், நான் நாக்பூரிலிருந்து. எங்களுக்காக மாடி அறையில் மது ஏற்பாடு செய்திருந்த சேகர், இன்று காலை அதை ரத்து செய்துவிட்டான். குடியை நிறுத்தச் சிகிச்சைக்குப் போயிருந்த அவன் மகன் கார்த்திக் நேற்று வீடு திரும்பியிருக்கிறான்.

அறையில் இப்போது ரோஸ் மில்க் இருக்கிறது, நான் இருக்கிறேன். மற்ற ஐவரும் தி. நகரில் ஒரு பாருக்குப் போய்விட்டார்கள்.

கார்த்திக் மாடியேறி வருகிறான். புதுச்சட்டை அவன் தோளில் தொளதொளக்கிறது.

"அங்கிள், போட்டோவுக்குக் கூப்பிடறாங்க. மத்தவங்க எங்க?"

"ரயிலுக்கு நேரமாச்சுன்னு கிளம்பிட்டாங்கப்பா."

"மதுரை, ஐதராபாத், பெங்களூர்... எல்லாருக்கும் ஒரே ரயிலா அங்கிள்?"

சிரித்துக்கொண்டேதான் கேட்கிறான். இருவரும் கீழே இறங்கி மேடைக்குப் போகிறோம்.

புகைப்படக்காரர் கேமராவை இறக்குகிறார். "இன்னா சார், அப்பா ஃப்ரெண்ட்ஸ்னு ஒருத்தர்தானா? இந்தப் பக்கம் காலியா கீது."

சேகர் மகனைப் பார்த்துக் கையை நீட்டுகிறான். "நீ வந்து நில்லுடா."

"இது உங்க ஃப்ரெண்ட்ஸ் போட்டோப்பா" என்று சொல்லிவிட்டு, கார்த்திக் மேடையிலிருந்து இறங்கிப் போகிறான்.